ரெஜினாவுக்கு அனுப்பிய சீட்டு

1

டென்மார்க்கில் சீட்டு இழுக்காமல் பாண் வாங்க முடியாது. பேக்கரி, மருந்துக்கடை, வங்கி என்று எங்கே போனாலும் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பெட்டி நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நாக்குத்தான் இலக்கச் சீட்டு. அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு உங்கள் இலக்கம் வரும்வரை பேசாமல் நிற்க வேண்டும். ஊரில் உள்ளவர்களிடம் சொன்னால், "எவ்வளவு ஒழுங்கான சனம்" என்பார்கள். ஒழுங்குதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அந்தப் பெட்டியில் கைவைப்பதென்றால் இன்றைக்கும் ஒரு தயக்கம். பின்னால் வருபவருக்கு முதலில் வழிவிட்டு, அவர் ஒன்றை எடுத்த பிறகே நான் எடுப்பேன். எனக்கென்று வந்த சீட்டு அவரோடு போய்விட்டது என்று ஒரு நினைப்பு. வைலேயில் எங்கள் தெருமுனைப் பேக்கரிக்காரி என்னைப் பெரிய மரியாதைக்காரன் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். நம்பட்டும், அதனால் யாருக்கு என்ன நட்டம்?

இதை எழுதவைத்தது போன ஞாயிற்றுக்கிழமை. அன்று என் மனைவி ரெஜினாவின் ஆண்டு நினைவுத் திருப்பலி. ஒவ்வொரு வருடமும் இங்குள்ள கத்தோலிக்கக் கோவிலில் பூசைக்குச் சொல்லிவைப்பேன். எங்கள் ஒரே மகள் அனிற்றா ஓகூஸிலிருந்து ரயிலில் வருவாள். அங்கே ஒரு வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். நாற்பது கடந்துவிட்டது, டேனிஷ்காரனைக் கட்டியிருக்கிறாள். நல்ல பெடியன், ஆனால் இந்த ஒரு நாளுக்கு மட்டும் அவள் தனியாகத்தான் வருவாள். பூசை முடிய என் வீட்டில் சோறும் மீன்குழம்பும். சமைப்பது நான். அதிகம் பேச மாட்டோம். பேசினாலும் நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்வாள். இது இரண்டு தண்டவாளங்களில் ஓடும் ஒரு ரயில், இத்தனை வருடமும் விழாமல் ஓடியிருக்கிறது.

இந்த முறை வியாழக்கிழமையே ரெலிபோன் எடுத்தாள்.

"சமைக்காதே அப்பா. நான் மேசை பதிவு செய்துவிட்டேன்" என்றாள் டேனிஷில். டேனிஷில் அப்பனுக்கும் நாய்க்குட்டிக்கும் ஒரே 'நீ'தான். பழகிவிட்டது.

"எங்கை?"

"ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சீனக் கடை. நீ வேலை செய்த கடை."

அந்தக் கடையின் வாசலை மிதித்து எத்தனையோ காலம். அந்தத் தெருவால் போக வேண்டி வந்தால் எதிர்ப்பக்கத்து நடைபாதையில்தான் போவேன். அவளுக்கு இது தெரியாது என்று நினைத்திருந்தேன். 'மீன் வாங்கி வைத்துவிட்டேன்' என்று ஒரு பொய் சொல்லிப் பார்த்தேன். உறைபெட்டியில் போடு என்றாள்.

2

நான் டென்மார்க்குக்கு வந்தது எண்பதுகளின் நடுவில். அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். காலையில் டேனிஷ் வகுப்பு, மதியத்துக்குப் பிறகு அந்தச் சீனக் கடையில் சாப்பாட்டுக் கோப்பை கழுவும் வேலை. எங்கள் கடற்கரை ஊரான பேசாலையில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவன் நான், பேனை பிடித்த கை. முதல் கிழமை சவர்க்காரத் தண்ணீரில் தோல் உரிந்தபோது கொஞ்சம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கடையில், சாப்பிட்டு முடித்த ஒவ்வொருவருக்கும் பில்லோடு ஒரு பிஸ்கற் கொடுப்பார்கள். சோளகக் காற்று அடித்து மடிந்த ஓலைத்துண்டு மாதிரி இருக்கும். உடைத்தால் உள்ளே விரலகலத்தில் ஒரு கடதாசி, அதில் ஒரு வரி. 'நாளை ஒரு பழைய நண்பரைக் காண்பாய்', 'பொறுமை உள்ளவனுக்கே கனி'. டேனிஷ்காரர் இதற்கு அதிர்ஷ்டக் கேக் என்று பெயர் வைத்திருந்தார்கள். கடை முதலாளி ஹொங்கொங்காரர். "எங்கடை ஊரிலை இப்பிடி ஒரு சாமானே இல்லை. இது வெள்ளைக்காரருக்காக ஒல்லாந்திலை இருந்து பெட்டியிலை வருது" என்ற பொருளில், என்னுடையதைவிட மோசமான டேனிஷில் அவர் சொல்லுவார். சனம் வரியை வாசித்துச் சிரித்துவிட்டு, கடதாசியைக் கோப்பையிலேயே போட்டுவிட்டுப் போய்விடும். புளி இனிப்புச் சாற்றில் ஊறிய எதிர்காலங்களை வழித்துக் குப்பையில் போடுவது என் வேலை.

ரெஜினாவுக்கு எழுதும் கடிதத்தில் இதைப் பகிடியாக எழுதினேன். அங்கேதான் பிழை தொடங்கியது.

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கருக்குச் சீட்டு என்றால் பகிடி இல்லை. வருடப் பிறப்புப் பூசை முடிய, பீடத்துக்கு முன்னால் ஒரு தட்டில் வேதவசனச் சீட்டுகளைச் சுருட்டி வைப்பார்கள். ஆளுக்கொன்று எடுத்து, அந்த வசனத்தை வருடம் முழுவதும் செபப்புத்தகத்தில் வைத்திருப்பார்கள். வீட்டில் ஒரு முடிவு எடுக்க முடியாமல் போனாலும் திருவுளச் சீட்டுத்தான். ரெஜினாவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு சம்பந்தம் வந்தது. ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், மற்றவன் நான். அவளுடைய தகப்பனார் இரண்டு பெயரையும் எழுதி அந்தோனியார் சுருவத்தின் காலடியில் வைத்து ஒன்றை எடுக்கச் சொன்னார். என் பெயர் வந்தது. வாத்தியார் என்னைவிட வடிவு, சம்பளமும் கூட. ஆகவே சீட்டைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

ரெஜினாவின் பதில் வந்தது. "பகிடி பண்ணாதைங்கோ. ஞாயிற்றுக்கிழமை பூசை கண்டுட்டு, எனக்கெண்டு நினைச்சு ஒண்டை எடுங்கோ. எடுத்த சீட்டையே கடிதத்துக்குள்ளை வைச்சு அனுப்புங்கோ. சீட்டில்லாமல் வசனம் செல்லாது."

முதலாளியிடம் கேட்டேன். அவர் பெட்டியை நீட்டினார். ஞாயிறு மதியம், கடை திறக்குமுன், கையைக் கழுவித் துடைத்து, சிலுவை போட்டுவிட்டு ஒரு பிஸ்கற் எடுப்பேன். முதலாளி எட்ட நின்று பார்த்துக்கொண்டிருப்பார், ஒரு நாளும் சிரிக்கவில்லை. அகராதி வைத்து வரியை மொழிபெயர்த்து, சீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் தமிழில் எழுதி, கடித உறைக்குள் வைப்பேன். டேனிஷ் வகுப்பில் படித்ததைவிட அந்தச் சீட்டுகளில் படித்தது கூட.

3

அது எங்களுக்குக் காத்திருப்புக் காலம். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவன் மனைவி பிள்ளையைக் கூப்பிடலாம் என்று சட்டம் இருந்தது. நானும் விண்ணப்பித்தேன். ரெஜினாவும் கொழும்புக்குப் போய்ப் பத்திரங்கள் கொடுத்துவிட்டு வந்தாள். கோப்புக்கு ஒரு இலக்கம் கிடைத்தது. அந்த இலக்கம் எனக்கு இன்றும் பாடம், அவளுடைய பிறந்த திகதிதான் சில வேளை தடுமாறும். மாதத்துக்கு ஒரு முறை கேட்டு எழுதுவேன். 'உங்கள் விடயம் பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே வசனம் திரும்பி வரும். அதைவிட அந்தப் பிஸ்கற் எவ்வளவோ வாயாடி.

கோப்புகள் பரிசீலனையில் இருக்கவில்லை. மேலே இருந்து சொல்லி அவற்றை ஒருபக்கமாக அடுக்கி வைத்திருந்தார்கள். அது பின்னர்தான் தெரிந்தது. விசாரணை வந்தது, பத்திரிகைகள் 'தமிழர் வழக்கு' என்று பெயர் வைத்தன, கடைசியில் அரசாங்கமே விலகியது. டேனிஷ்காரர் எனக்காக வெட்கப்பட்டார்கள், சிலர் கையைப் பிடித்து மன்னிப்புக்கூடக் கேட்டார்கள். அந்த நேரம் வந்தபோது எனக்கு மன்னிப்பை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

நடுவில் ரெஜினாவிடமிருந்து ஒரு கடிதம். ஊர் நிலவரம் மோசமாகிவிட்டது. அவளுடைய தமையன் இராமேஸ்வரத்துக்குப் போக வள்ளம் ஒழுங்கு பண்ணியிருந்தார். தன் குடும்பத்தோடு அவளையும் அனிற்றாவையும் ஏற்றுவதாகச் சொன்னார். அனிற்றாவுக்கு அப்போது ஐந்து வயது.

"அண்ணை வரட்டாம் எண்டு நிக்கிறார். எனக்கு ஒண்டும் ஓடுதில்லை. போறதோ நிக்கிறதோ எண்டு இந்த முறை சீட்டெடுத்து அனுப்புங்கோ. அது என்ன சொல்லுதோ அதைச் செய்யிறன்" என்று எழுதியிருந்தாள்.

கடற்கரையில் பிறந்தும் நான் கடலுக்குப் பயந்தவன். வள்ளம் கவிழ்ந்த கதைகளும், நடுக்கடலில் சுட்ட கதைகளும் கடிதத்துக்குக் கடிதம் வந்துகொண்டிருந்தன. அதோடு கோப்பும் இருந்தது. நகரசபையில் என்னைக் கவனித்த பெண் நல்லவள். அவளிடம் கேட்டேன். "விலாசமும் நாடும் மாறினால் அநேகமாகத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கவேண்டி வரலாம். நிச்சயமாகத் தெரியவில்லை" என்றாள். அவள் அறிந்ததைச் சொன்னாள், அவளில் ஒரு பிழையும் இல்லை.

அந்த ஞாயிறு பூசை கண்டேன். கையைக் கழுவினேன். சிலுவை போட்டேன். பிஸ்கற்றை உடைத்தேன். உள்ளே இருந்த வரிக்கு அகராதி தேவைப்படவில்லை.

'நீர் கடந்த ஒரு பயணம் உனக்குப் பாக்கியம் தரும்.'

முதலாளி எட்ட நின்று, "நல்லதா?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில், வழக்கமான பொடி எழுத்தில், தமிழில் எழுதினேன்:

'இருக்கும் இடத்திலேயே இரு. நீ காத்திருப்பது உன் வாசலுக்கு வரும்.'

அவளுக்கு டேனிஷ் தெரியாது. பேசாலையில் யாருக்குத் தெரியும்? இன்னொரு பிஸ்கற் எடுத்திருக்கலாம். சீட்டை எறிந்துவிட்டு, 'எனக்குப் பயமாக இருக்கிறது, போகாதே' என்று சொந்த வாயால் எழுதியிருக்கலாம். அப்படி எழுதியிருந்தால் அவள் யோசித்திருப்பாள், தமையனோடு கதைத்திருப்பாள், என்னைத் திட்டிக்கூட இருப்பாள். சீட்டோடு வாதாட மாட்டாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

4

வள்ளம் போனது. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. தமையன் குடும்பம் மண்டபம் முகாமில் இருந்து, பிறகு திருச்சியில் குடியேறி, இப்போது பேரப்பிள்ளைகளோடு இருக்கிறது. ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அவர் ரெலிபோன் எடுப்பார். "என்ன மச்சான், குளிரோ?" என்பார். வேறொன்றும் கேட்டதில்லை.

வள்ளம் போய் நாற்பத்தொரு நாள் கழித்து ரெஜினா கிணற்றடியில் நின்றபோது ஷெல் விழுந்தது. எந்தப் பக்கத்து ஷெல் என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அனிற்றா பெரியம்மா வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தபடியால் தப்பினாள்.

செய்தி வந்த அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? வேலைக்குப் போனேன். கோப்பை கழுவினேன். ஒரு கோப்பையில் ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்ற முடியாமல் கோப்பையோடு நிலத்தில் இருந்துவிட்டேன். முதலாளி வந்து தண்ணீரை நிறுத்தினார். அதற்குப் பிறகு அந்தக் கடைக்குப் போகவில்லை. இக்காஸ்டில் ஒரு துணி ஆலையில் இடம் கிடைத்தது. வீட்டை மாற்றவில்லை, இரண்டு பஸ் மாறி வருடக்கணக்கில் போய்வந்தேன். விலாசம் மாறக்கூடாது என்ற பயம் அப்போதும் என்னை விடவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், மறைத்து வைத்து இனி என்ன? அவள் செத்ததை நான் அலுவலகத்துக்கு அறிவிக்கவில்லை. அறிவித்தால் கோப்பு திரும்பவும் அடியிலிருந்து தொடங்கும், பிள்ளையும் வராமல் போய்விடுவாள் என்று நினைத்தேன். எங்கள் ஆட்கள் அந்த நாளில் அப்படித்தான். கோப்பைத் தூங்கும் பிள்ளை மாதிரி வைத்திருந்தோம், அதற்குப் பக்கத்தில் மூச்சுக்கூட விடமாட்டோம். அடுத்த வருடம் கோப்புகளைத் திறந்தார்கள். அனுமதிக் கடிதம் வந்தது. அதில் இரண்டு பெயர்கள். ரெஜினா டென்மார்க்குக்கு வந்து என்னோடு வாழலாம் என்று முத்திரை குத்தி எழுதியிருந்தது. அந்தக் கடிதம் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. சில நாட்களில் எடுத்துப் பார்ப்பேன். அதன்படி அவள் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

அனிற்றா ஊர்க்காரக் குடும்பம் ஒன்றோடு விமானத்தில் வந்து இறங்கினாள். ஆறு வயது. என்னைத் தெரியாது. கையில் ஒரு துணிப்பை, அதற்குள் இரண்டு சட்டையும் தாயின் செபப்புத்தகமும். "இது அம்மாவின்ரை. எனக்கெண்டு பெரியம்மா சொன்னவா" என்றாள். நான் அதை வாங்கவுமில்லை, திறக்கவுமில்லை. அவளுடைய தலைமாட்டில் வைத்தேன். அந்தச் சீட்டுகள் எல்லாம் ஷெல்லில் உடைந்த வீட்டோடு போயிருக்கும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

பிள்ளை ஒரு வருடத்தில் டேனிஷில் பிளந்து கட்டினாள். இரண்டு வருடத்தில் கனவுகூட டேனிஷில்தான் கண்டிருப்பாள். எனக்குக் கோபம். சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். சினேகிதிகள் நீச்சலுக்குப் போகிற நேரம் இவள் 'அ'னாவும் 'ஆ'வன்னாவும் எழுதினாள். அழுதாள், வயிற்றுக்குத்து என்றாள், ஒரு நாள் சப்பாத்தை ஒளித்து வைத்தாள். "அம்மாவின்ரை மொழியை வாசிக்கத் தெரியாட்டி நீ என்ன பிள்ளை?" என்று கத்தியிருக்கிறேன். வாசிக்கப் பழகிவிட்டாள். பேச்சு டேனிஷிலேயே நின்றது.

சில நாட்களில், மேசையில் எதிரும் புதிருமாக இருக்கும்போது, இவளிடம் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். உன் தாய் செத்தது கடிதம் எழுதிய என் கையால் என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்ல முடியுமா? பத்து வயதில்? கல்யாணத்துக்கு முதல் நாள்? சொன்னால் எனக்கென்று இருக்கிற ஒரு ஆளும் இல்லாமல் போய்விடும். இவ்வளவுதான் என் கணக்கு, வெட்கமாகத்தான் இருக்கிறது.

5

கடை மாறியிருந்தது. முதலாளி வேறு, மேசைகள் வேறு. தண்ணீரும் சவர்க்காரமும் சேர்ந்த அந்த மணம் மட்டும் சமையலறைக் கதவு திறக்கும்போதெல்லாம் வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு எங்களைத் தவிர இரண்டு மேசையில்தான் ஆட்கள். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

முடிவில் பில் வந்தது. சின்னத் தட்டில் இரண்டு பிஸ்கற்.

"ஒன்று எடு அப்பா" என்றாள்.

"எனக்குச் சீனி வருத்தம். நீ சாப்பிடு."

அவள் எடுக்கவில்லை. கைப்பையைத் திறந்து செபப்புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். ஓரம் தேய்ந்த அந்தக் கறுப்பு அட்டையை முப்பத்தைந்து வருடத்தில் நான் நேருக்கு நேர் பார்த்ததில்லை. அவள் அதை விரித்து உள்ளேயிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கினாள். பதினாலு சீட்டு. மஞ்சளித்து, ஆனால் மடிப்புக் குலையாமல் இருந்தன. என் பொடி எழுத்தை மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே அடையாளம் கண்டேன். கைகளை மேசைக்குக் கீழே கொண்டுபோய்விட்டேன்.

"இவற்றை வைத்துத்தான் நான் டேனிஷ் வாசிக்கப் பழகினேன்" என்றாள். "முதலாம் வகுப்பில். இரவும் பகலும் என் தலைமாட்டில்தானே இருந்தன. முன்பக்கம் எல்லாம் எனக்குப் பாடம். பின்பக்கம்தான் வாசிக்கத் தெரியவில்லை. பிறகு நீ என்னைச் சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்பினாய்."

அவள் சீட்டுகளின் மேல் விரலை ஓட்டினாள்.

"பதின்மூன்று சரி. ஒன்று மட்டும் சரியில்லை. உனக்கு அப்போது டேனிஷ் வராது, பிழையாக விளங்கிவிட்டது என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் மற்றதெல்லாம் இதைவிடக் கஷ்டமான வசனங்கள். அதிலெல்லாம் ஒரு பிழையும் விடவில்லை." ஒரு சீட்டை விரலால் தள்ளி என் பக்கம் நகர்த்தினாள்.

"எப்ப கண்டனி?"

"ஒன்பது வயசிலை" என்றாள். இந்த முறை தமிழில்.

அவள் வாயில் தமிழைக் கேட்டு நான் நிமிர்ந்து பார்த்தேன். "இவ்வளவு வருசமும் ஏன் பிள்ளை கேக்கேல்லை?"

"நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான், அப்பா."

பக்கத்து மேசையில் ஒரு கிழவர் பிஸ்கற்றை உடைத்துத் தன் மனைவிக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தார்.

"ஏன் மாத்தினீங்கள்?"

"கடலுக்குப் பயந்தனான்" என்றேன். இத்தனை வருடமும் தனியே இருந்து எனக்கு நானே சொல்லிப் பழகிய பதில் அது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கோப்புக்கும் பயந்தனான். விலாசம் மாறினால் திரும்பவும் முதலிலை இருந்து எண்டு சொன்னவை."

"எதுக்குக் கூடப் பயம்?"

தாய் கேட்டிருந்தால் இப்படித்தான் கேட்டிருப்பாள். பொய் சொல்ல நினைத்தேன், அது என் தொழில்தானே. முடியவில்லை.

"கோப்புக்கு" என்றேன்.

சொல்லிவிட்டேன். கடல் ஒரு சாட்டு. என் மனைவியை நான் நிறுத்தி வைத்தது ஒரு விலாசத்துக்காக, யாரும் திறந்து பார்க்காத ஒரு கடதாசிக் கட்டுக்காக. பூசையில் வராத அழுகை அந்தச் சீனக் கடையில் வந்தது. பரிமாறும் பெண் ஓடிவந்து காரம் கூடிப்போச்சோ என்று டேனிஷில் கேட்டாள். ஓம், கொஞ்சம் காரம் என்றாள் அனிற்றா.

பிறகு அவள் தாயைப்பற்றிச் சொன்னாள். தமிழும் டேனிஷும் கலந்து, சொல் வராத இடத்தில் கையால் காட்டி. "அம்மா பெட்டி அடுக்கி வைச்சிருந்தவா. என்ரை சிவப்புச் சட்டையும் அதுக்குள்ளை. மாமா வந்து வந்து பாத்துக்கொண்டு போனவர். உங்கடை கடிதம் வந்த அண்டைக்கு அம்மா பெட்டியைத் திறந்து எல்லாத்தையும் வெளியிலை எடுத்தவா. ஒவ்வொண்டா மடிச்சு அலுமாரியிலை வைச்சவா. எனக்கு நல்ல ஞாபகம். பாடிக்கொண்டு வைச்சவா."

"பாடினவாவோ?"

"ஓம். சந்தோசமா இருந்தவா."

அது எனக்கு ஆறுதலாகச் சொன்னதா, தண்டனையாகச் சொன்னதா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. நான் கேட்கவில்லை. ரெஜினா பாடியதை நான் இப்போது கேட்டுக்கொண்டேயிருக்கிறேன். என்ன பாட்டு என்று மட்டும் பிடிபடவில்லை.

அனிற்றா சீட்டுகளைத் திரும்பப் புத்தகத்துக்குள் வைத்தாள். பதினாலையும் வைத்தாள். பிறகு தட்டில் இருந்த பிஸ்கற் ஒன்றை எடுத்து, "இது உங்கடை" என்று சொல்லி என் சார்பில் தானே உடைத்தாள்.

"கண்ணாடி கொண்டரேல்லை. என்ன எழுதியிருக்கு?"

அவள் சீட்டைப் பார்த்தாள். ஒரு வரிக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? நாள் முழுக்க வைத்தியசாலை அறிக்கைகள் வாசிக்கிற பிள்ளை அந்த ஒரு வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் எனக்குத் தெரிந்த நேரம். அந்தக் கடையிலேயே, அந்தச் சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம், நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் நின்றேன்.

"'உன்னிலை ஒருத்தருக்கும் கோவம் இல்லை' எண்டு இருக்கு" என்றாள்.

"பின்பக்கத்திலை எழுதித் தா, பிள்ளை."

கைப்பையில் பேனை தேடி எடுத்து, சனிக்கிழமை வகுப்பு எழுத்தில், கொம்பும் சுழியும் பெரிது பெரிதாக, ஒரு எழுத்துப் பிழையோடு எழுதித் தந்தாள். சட்டைப் பைக்குள் வைத்தேன். ரயில் நிலையம் வரை நடந்துபோய் அவளை ஓகூஸ் ரயிலில் ஏற்றிவிட்டேன். கதவு மூடுமுன், "அடுத்த வருசம் நான் மீன் சமைக்கிறன், நீங்கள் பேசாமல் இருங்கோ" என்றாள்.

6

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டேன். கண்ணாடி மேசையில்தான் இருந்தது. உடனே போடவில்லை. தேத்தண்ணி முடிந்த பிறகு போட்டேன்.

சீட்டின் முன்பக்கத்தில், டேனிஷில், 'நீ அடுத்து வாங்கும் பொருள் நீண்டகாலம் உழைக்கும்' என்று இருந்தது.

சிரிப்பு வந்தது. பிறகு சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன். முன்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று என் கண்ணாலேயே கண்ட பிறகும், பின்பக்கத்தில் இருப்பதுதான் உண்மையென்று மனம் அடம்பிடித்தது. நேசிக்கிற ஆளின் கையெழுத்தில் ஒரு வரி வந்தால் மனிசர் எப்படி நம்புவார்கள் என்று எனக்கு இந்த வயதில்தான் விளங்குகிறது. எனக்காவது திருப்பிப் பார்க்க ஒரு முன்பக்கம் இருந்தது. ரெஜினாவிடம் இருந்தது என் கையெழுத்து மட்டும்தான்.